காட்சித் தடை ஏதுமில்லை

பத்தொன்பது ஆண்டுகள்
இதே படிவத்தை நிரப்பியிருக்கிறேன்.
ஏழாவது கட்டத்தில்
"காட்சித் தடை ஏதுமில்லை" என்று
என் கையால்தான் எழுதினேன்.
பொய்யில்லை.
பார்த்தேன், எழுதினேன்.

ஃபின்மார்க்கில் நவம்பர் கடைசியில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
பிறகு ஏழெட்டு வாரம்
பகல் என்பது தெற்கே ஒரு நீலக் கறை.
அந்த நீலத்தில் எங்கள் கோபுரங்கள்
கைகோத்து நிற்கும்.
நடுவில் கம்பி,
கம்பிக்கடியில் பனி,
பனியில் எதன் தடமும் இல்லை.

தடமில்லாததுதான் வழக்கு.

ரிஸ்தின் ஊத்ஸி வருஷம் தவறாமல் கடிதம் போட்டாள்.
துருவமான்கள் கம்பியைத் தாண்டுவதில்லை,
நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் போகின்றன,
சினைமான்கள் வழியில் விழுகின்றன.
நாங்களும் தவறாமல் பதில் போட்டோம்:
ஓசை இத்தனை டெசிபல்,
உயரம் இத்தனை மீட்டர்,
மான் அஞ்ச ஒன்றுமில்லை.
ஒரு கூட்டத்தில் மேலாளர்
"பழக்கதோஷம்" என்றார். சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அன்று காபி நன்றாக இருந்தது.

இந்த ஜனவரியில் ஒரு புதுக் கேமரா வந்தது,
பழுதான பீங்கானைக் கண்டுபிடிக்க.
செங்கல் கனம்.
கையுறையோடு பொத்தானை அழுத்த முடியாது.
விரல் விறைக்க அழுத்தினேன்.
திரையில்
கம்பி பொரியத் தொடங்கியது.

வெள்ளைப் பொரி.
இங்கே வெடித்து, அணைந்து,
எதிர்பாராத இடத்தில் மறுபடி வெடித்து,
கோபுரத்துக்குக் கோபுரம்
அடிவானம்வரை ஒரு வேலி,
அதுவும் ஓரிடத்தில் நில்லாத வேலி.
கண்ணை எடுத்தேன்: இருட்டு.
கண்ணை வைத்தேன்: நெருப்பு.
எடுத்தேன், வைத்தேன்,
சிறுபிள்ளைபோல, ஆள் பார்க்கிறார்களா என்று
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வானவில்லை ஏழென்று எண்ணி முடித்தவர்கள் நாங்கள்.
ஊதாவோடு நின்றது வில் அல்ல,
எங்கள் விரல்.

ரிஸ்தினுக்குச் சொல்லியனுப்பினேன்.
பனிஸ்கூட்டரில் வந்தாள்,
தலைக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றி
ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள்.
வியப்பாள் என்று நினைத்திருந்தேன்.
"ஓ, இதற்கா" என்றாள்.

கோடையில் மானின் கண்ணடி பொன்னாக இருக்குமாம்.
குளிர்காலத்தில் நீலமாகிவிடும்.
அறுத்த தலைகளில் அவள் பார்த்திருக்கிறாள்.
"வெள்ளை ஓநாய் நமக்குப் பனியோடு பனி.
மானுக்கு அது கரிக்கோடு.
பாசியும் கறுப்பு, மூத்திரமும் கறுப்பு.
பசிக்கும் பயத்துக்கும் வாய்த்த கண் அது.
நீங்கள் அந்தக் கண்ணுக்குள்
கம்பி இழுத்திருக்கிறீர்கள்."

பிறகு கேட்டாள்:
"சரி, பார்த்தாயிற்று. அணைப்பீர்களா?"

கம்பியின் மறுமுனையில்
ஒரு மீன் ஆலை, இரண்டு ஊர், ஒரு மருத்துவமனை,
என் வீட்டு அடுப்பு.
நான் வாயைத் திறப்பதற்குள்
கேமராவின் பாட்டரி குளிரில் செத்தது.
கம்பி கறுத்துப்போனது,
எங்கள் இருவருக்கு மட்டும்.

அன்றிரவு
தொலைக்காட்சி ரிமோட்டைக் கைபேசிக்கு நேரே பிடித்து
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
அதன் நுனியில், கைபேசித் திரையில் மட்டும்,
ஒரு வெளிறிய பொட்டு மினுக்கியது.
அது சிவப்புக்கு இந்தப் பக்கம்.
"என்ன செய்கிறாய்?" என்றாள் யோர்டிஸ்.
"விளக்கைப் பார்க்கிறேன்."
"எந்த விளக்கை?"

மறுநாள் படிவம்.
ஏழாவது கட்டம், கட்டைவிரல் அகலம்.
யாருடைய காட்சி என்று கேட்க
அந்தத் தாளில் இடமில்லை.
ஓரத்தில் நெட்டுக்குத்தாக எழுதினேன்.
ஸ்கேன் செய்தபோது
ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.
மீண்டும் எழுதி அனுப்பினேன்.
ஆய்வில் உள்ளது என்கிறார்கள்.

ஏப்ரலில் மந்தை வந்தது.
வெயில் திரும்பியிருந்தது, பொரி மங்கியிருக்கும்.
ஆனாலும் கம்பிக்கு இருநூறு மீட்டர் முன்னால்
முதல் மான் நின்றது,
மூக்கைத் தூக்கியது,
கிழக்கே திரும்பியது.
பின்னால் எழுநூறு கழுத்துகள் திரும்பின.

ரிஸ்தின் என் பக்கம் பார்க்கவில்லை.
சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு
நானும் சுற்றிப் போனேன்,
பதினோரு கிலோமீட்டர்.
அதற்குமேல் முழங்கால் விடவில்லை.